பண்டிகையில் அறம் எங்கே?

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் மதுரை; வேலை காரணமாகக் கொழும்பில் இருக்கிறேன். புத்தர் பண்டிகையான வெசாக்கின்போது தெருவுக்குத் தெரு தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் மறித்துச் சாப்பாடு கொடுத்தார்கள். இறைச்சிக் கடை, மதுக்கடை எல்லாம் மூடியிருந்தன. நம் பண்டிகைகளில் பூஜை இருக்கிறது, பலகாரம் இருக்கிறது, அறம் எங்கே? பௌத்தம் அறத்தின் மதம், இந்து மதம் வெறும் சடங்கு என்கிறார் என் நண்பர். சரிதானா?

க., மதுரை

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது வெசாக்கின் தெருப்பக்கம். அதன் உயிர் விகாரைக்குள் இருக்கிறது. விடிந்தும் விடியாமலும் வெள்ளை உடுத்தி வந்து, பிக்கு சொல்லச் சொல்லப் பாளியில் திருப்பிச் சொல்லி எட்டு சீலம், அதாவது எட்டு ஒழுக்க விதிகள், எடுப்பார்கள். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை, போதை தொடாமை எல்லா நாளைக்கும் உரியவை. அன்றைக்கு அவற்றோடு பிரம்மச்சரியமும் சேரும். ஆட்டம் பாட்டம் அலங்காரம் கிடையாது, உயரமான கட்டில் கிடையாது, நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. வயதான அம்மாக்கள் பாய் விரித்து, உபதேசம் கேட்டபடி பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள்.

இதை மனதார மதிக்கிறேன். ஆனால் நம்மிடம் இப்படி எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவரைப் பாருங்கள். 41 நாள் மது, மாமிசம் இல்லை; தரையில் படுக்கை; அதிகாலைக் குளியல். எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நேற்றுவரை 'டேய்' என்று அழைக்கப்பட்ட ஆளும் மாலை போட்டிருந்தால் இன்று எல்லோருக்கும் 'சாமி'தான். டீக்கடையில் கூலிக்காரரைப் பார்த்து முதலாளி "வாங்க சாமி" என்பது சின்ன விஷயம் இல்லை.

வித்தியாசம் உண்டு. சீலம் எடுப்பவர் அதைத் தனக்கான பயிற்சியாக ஏற்கிறார். மாலை போட்டவர் சாமிக்கு வாக்குக் கொடுக்கிறார். தன்சல் சோறு நேரே கைக்கு வருகிறது. கோயில் அன்னதானம் சாமிக்குப் படைத்து அப்புறம்தான் இலைக்கு வருகிறது. இதில் எது உசத்தி என்று தராசு பிடிக்க எனக்கு விருப்பமில்லை.

சடங்கு என்று பார்த்தால் அங்கேயும் குறைவில்லை. கண்டியின் எசல பெரஹரா திருவிழாவில், புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நான்கு தெய்வங்களின் கோயில் ஊர்வலங்களும் போகும். பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகி. கதிர்காமத்தில் சிங்கள பௌத்தர்களும் காவடி எடுக்கிறார்கள். கந்தனைக் கும்பிட்டுவிட்டு அருகிலுள்ள பௌத்தத் தூபியான கிரி விகாரைக்கும் பூ கொண்டுபோகிறார்கள்.

என்னை உறுத்துவது வேறு. யாழ்ப்பாணத்தில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய, ஒடுக்கப்பட்ட சாதியினர் 1968-இல் போராட வேண்டியிருந்தது. எல்லோரையும் சாமி என்கிற சபரிமலையில் 10 முதல் 50 வயதுவரை உள்ள பெண்களுக்குத் தடை என்பது வழக்கு, போராட்டம் என்று நீண்டது. பௌத்தத்தின் பக்கம், 1753-இல் தொடங்கிய சியாம் நிகாய என்ற பிக்குகளின் பிரிவு, சிங்களவரில் உயர்ந்ததாகக் கருதப்படும் கொவிகம சாதியினருக்கே பெரும்பாலும் துறவு கொடுக்கிறது. சாதி பார்க்காமல் சங்கத்தில் சேர்த்த புத்தரின் பெயராலேயே இது நடக்கிறது. அறம் எங்கே என்று கேட்பதாக இருந்தால் இந்த வாசல்களில் நின்று கேட்க வேண்டும். உங்கள் நண்பரிடம் இதைப் பேசிப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.