சிறு வயதில் சில ஆண்டுகள் பாட்டு கற்றுப் பாதியில் விட்டவர்களுக்கு அதனால் இன்று ஏதாவது பயன் உண்டா?

உண்டு என்று உறுதியாகச் சொல்வேன். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் ஒரு குழந்தை வகுப்புக்குப் போக மறுக்கிறது, இதுவரை கட்டிய சம்பளம் தண்டமோ என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி என்னை நிறுத்தியபோது, கர்நாடக இசையில் கீர்த்தனைக்கு முன் கற்கும் வர்ணம் வரைதான் வந்திருந்தேன்; ஒரு கீர்த்தனைகூடப் பாடமாகவில்லை.

எங்கள் ஆசிரியை, மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ்வரங்களை ஏற்றி இறக்கிப் பாடும் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை, முதல் காலம் என்ற மெதுவான வேகத்தில் அசையாமல் நிற்கும் வரை, அதன் இரட்டிப்பு வேகமான இரண்டாம் காலத்துக்கு விடமாட்டார். நிதானமாகப் பாடும்போதுதான் சுருதி விலகுவது காதுக்குத் தெரியும் என்பார். பல தாளங்களில் ஸ்வரங்களைப் பாடிப் பழகும் அலங்காரம் என்ற பயிற்சியில் ஜம்ப தாளம் வந்தது. ஒரு தட்டுத் தட்டி, சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை எண்ணி, மீண்டும் சுண்டுவிரலுக்கு வந்து ஏழை முடித்து, பிறகு தனியாக ஒரு தட்டு, அதன்பின் ஒரு தட்டும், கையைத் திருப்பிப் போடும் வீச்சும் என்று 10 அட்சரங்களை, அதாவது தாள எண்ணிக்கைகளை, நிரப்ப வேண்டும். வாய் ஸ்வரத்தில் ஓடும்போது கை அந்தத் தனித் தட்டை விட்டுவிடும். அதற்காக அவர் கடிந்துகொண்டதில்லை. தம் தொடையில் தாளத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே, நாங்கள் அடுத்த ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் அடுத்த சுற்றில், வந்து சேரும் வரை காத்திருப்பார்.

இன்று நான் பள்ளி ஆசிரியை. நாள் முழுவதும் நின்று பேசியும் தொண்டை கட்டாமல் இருப்பதற்கு, விடியற்காலையில் மந்திர ஸ்தாயி என்ற தாழ்ந்த குரலில் ‘ஆ’ என்று நீட்டிப் பாடிச் செய்த அகார சாதகமே காரணம் என்று நம்புகிறேன். வாசிக்கும்போது திணறும் மாணவனுக்கு உடனே சொல்லை எடுத்துக் கொடுத்துவிடாமல் பொறுத்திருக்கவும், பாட்டு கற்ற அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

இசை படித்தால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஓர் ஆதாயத்தைக் காட்டித்தான் பாட்டுக்கு இடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது பாட்டுப் பாடவேளை. அந்த நேரத்தில் பாட்டு ஆசிரியை ஓய்வறையில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பார். வசதியுள்ளவர்களின் பேச்சு இது என்று சிலர் ஒதுக்கக்கூடும். என் தந்தை சாதாரண எழுத்தர். தனி வகுப்புக்கு வழியில்லாதவர்களும் கற்கத்தான் குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில் என்று பயிற்றுவிக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன.

குழந்தையை நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், அலங்காரம் முடிந்து கீதம் என்ற எளிய பாட்டு ஒன்றாவது பாடமான பிறகு நிறுத்துங்கள். சரளியோடும், ஸ்வரங்களை இரட்டித்துப் பாடும் ஜண்டையோடும் விட்டால் ஆதி தாளம் ஒன்றுதான் பழகியிருக்கும். ஏழு தாளங்களும் கைக்கு வருவது அலங்காரத்தில்தான்.