கறுத்துப்போன நுழைவுச்சீட்டு

வணக்கம் சார்,

உங்கள் பயணக் குறிப்புகளை விடாமல் படிப்பவள் நான். இரண்டு மாதத்துக்கு முன் கணவர், மகளோடு ஒரு பெரிய நகரத்துக்கு நான்கு நாள் விடுமுறையில் போய் வந்தோம். போனில் 1,400 படங்கள் இருக்கின்றன. திரும்பி வந்த வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்ததோடு சரி. போன வாரம் மகள், "நாம தங்கின ரூம்ல கட்டில் எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. அத்தனை படங்களில் ஒன்றில்கூட அந்த அறை இல்லை.

ஸ்கிராப்புக், கலர் டேப், ஸ்டிக்கர் எல்லாம் வாங்கி, முதல் பக்கத்தில் நகரத்தின் பெயரை அழகாக எழுதினேன். அதோடு நிற்கிறது. நினைவுகளைக் காப்பாற்றி வைக்கக் கொஞ்சம் புதுமையாக, அதே சமயம் என்னால் முடிக்கக்கூடியதாக ஏதாவது வழி உண்டா? முடிந்துபோன இந்தப் பயணத்துக்கு இனி ஏதும் செய்ய முடியுமா, இல்லை போனது போனதுதானா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். நகரத்துக்குப் போகிற எல்லோரும் கோபுரத்தை, பாலத்தை, அருங்காட்சியக வாசலை எடுக்கிறோம். அவை எங்கும் ஓடிவிடாது, இணையத்தில் தேடினால் நம்மைவிட நல்ல வெளிச்சத்தில் ஆயிரம் பேர் எடுத்துப் போட்டிருப்பார்கள். நீங்கள் தங்கிய அறையின் ஜன்னலை யாரும் எடுத்துப் போடவில்லை. அறையிலிருந்து ரயில் நிலையத்துக்கு நான்கு நாளும் நடந்திருப்பீர்களே அந்த வழி, இடது பக்கமா வலது பக்கமா என்று நீங்களும் அவரும் நின்று தகராறு செய்த முக்கு, லிஃப்ட் கதவு மூடும்போது போடுகிற சத்தம், இதெல்லாம் உங்கள் மூன்று பேரிடம் மட்டும் இருந்த சரக்கு. முதலில் காணாமல் போவதும் இதுதான். அதனால் என்னைக் கேட்டால், பார்க்கப் போன இடங்களைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் நடந்ததைப் பிடித்து வையுங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு பயணத்திலிருந்து நுழைவுச்சீட்டு, பேருந்துச் சீட்டு, ரசீது என்று ஒரு கவர் நிறையக் கொண்டுவந்தேன். பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று, ரொம்பப் பிடித்த ஒரு நுழைவுச்சீட்டை முதலில் லேமினேட் செய்தேன். வீட்டிலேயே மெஷின் இருந்தது, அந்தக் கர்வம் வேறு. ஒரு பக்கம் வெள்ளைச் சீட்டாக உள்ளே போனது, மறுபக்கம் கரிப்பலகையாக வெளியே வந்தது. ஒரு எழுத்து தெரியவில்லை. பளபளவென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், இன்னும் பல வருடத்துக்குக் கெடாத கறுப்பு.

அப்புறம்தான் விசாரித்தேன். இப்போதைய ரசீதுகளும் சீட்டுகளும் பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கும், அதுதான் எழுத்து. லேமினேஷன் சூட்டில் தாள் முழுக்கவே எழுத்தாகிவிடுகிறது. லேமினேட் செய்யாமல் விட்டாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள், வெயில் பட்டால் வெளுக்கும், பிவிசி பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்தாலும் மெல்ல மெல்ல எழுத்து மங்கிவிடும். ஆகவே அப்படிப்பட்ட சீட்டை அன்றைக்கு ராத்திரியே ஒரு படம் எடுத்துவிடுங்கள். பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி எழுதி வையுங்கள். "வரிசையில் ஒரு மணி நேரம், பாப்பாவின் செருப்பு அறுந்தது" என்ற மாதிரி. முன்பக்கம் மொத்தமாக வெளுத்துப்போனாலும் அந்தப் பென்சில் வரி இருக்கும்.

படங்களுக்கு வருவோம். படம் எடுத்தால் மறந்துபோகும் என்று ஒரு பேச்சு உண்டு, அது பாதிதான் உண்மை. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் ஓர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய்ச் சில பொருட்களைப் படமெடுக்கவும், சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டால், முழுப் பொருளாகப் படமெடுத்தவை அவ்வளவாக நினைவில் நிற்கவில்லை, சும்மா பார்த்தவை நின்றன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. 2014இல் வெளிவந்த ஆய்வு இது. 2017இல் இன்னொரு குழு, தாங்களே விரும்பித் தேர்ந்தெடுத்துப் படமெடுப்பவர்களுக்குக் கண்ணால் பார்த்தது இன்னும் நன்றாக நினைவிருக்கிறது, காதால் கேட்டதுதான் குறைகிறது என்று கண்டது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். படம் எடுங்கள், ஆனால் மொத்தக் கட்டடத்தை விட்டுவிட்டு அதன் கதவுக் கைப்பிடியை எடுங்கள். காதுக்குத் தனியாக ஏதாவது செய்யுங்கள்.

காதுக்குச் செய்வது ரொம்பச் சுலபம், ஆனால் யாரும் செய்வதில்லை. எல்லாப் போனிலும் குரல் பதிவு இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, போனை விளிம்பில் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, நாற்பது விநாடிதான். குப்பை வண்டி ரிவர்ஸ் எடுக்கும் பீப் ஒலி, யாரோ ஷட்டரைத் தூக்குகிற சத்தம், நடுவில் என் மனைவி "மூடுங்க, குளிருது" என்கிறாள். அந்த ஊரில் நான் எடுத்த எல்லாப் படத்தையும் கொடுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் தயங்காமல் சரி என்பேன். வீடியோவிலும் சத்தம் இருக்குமே என்பீர்கள். இருக்கும், ஆனால் வீடியோ எடுக்கும்போது எல்லோரும் கேமராவைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு இருப்போம்.

மூக்கையும் விட வேண்டாம். மற்றப் புலன்களின் செய்தி மூளையின் நடுவில் தாலமஸ் என்கிற பகுதி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது, வாசனைக்கு அந்தச் சுற்று இல்லாமல் நினைவையும் உணர்ச்சியையும் கவனிக்கிற பகுதிகளுக்கு நேர்வழி இருக்கிறது. அதனால் ஒரு சின்னத் தந்திரம்: இதுவரை வாங்காத ஒரு சோப்பைப் பயணத்துக்கென்று வாங்கி, அந்த நான்கு நாள் மட்டும் அதைப் போடுங்கள். மிச்சத்தைக் காயவைத்துச் சுற்றி வையுங்கள். வீட்டில் தினமும் அதையே போட்டுக் குளித்தால் அது வீட்டு வாசனையாகிவிடும், ஜாக்கிரதை.

அடுத்தது வரைபடம், எனக்கு மிகவும் பிடித்தது. நகரத்தின் வரைபடத்தைத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு ராத்திரியும் அன்று நடந்த வழியைப் பென்சிலால் கோடு போடுங்கள், போனைப் பார்க்காமல். இங்கே திரும்பினோமா, அதற்கு அடுத்த தெருவா என்று மூன்று பேரும் சேர்ந்து மண்டையைக் குடைவீர்கள் பாருங்கள், நினைவு பதிவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். வழி தவறிய இடத்தில் கோடு தானாகவே சிக்கலாகும், அதை அழகுபடுத்த வேண்டாம். மகளுக்கு வரைய ஆசை இருந்தால் இன்னும் நல்லது. 2007இல் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இன்று உலகம் முழுக்கப் பரவிய கூட்டம். அவர்களுக்கு முக்கியமான விதி, இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து பார்த்து வரைய வேண்டும், வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து வரையக்கூடாது. கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை.

டைரி எழுதச் சொல்லமாட்டேன், எழுதமாட்டீர்கள், நானும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக தினம் ஒரு தபால் அட்டையை உங்கள் வீட்டு முகவரிக்கே எழுதிப் போடுங்கள். 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதன்முதலாக வந்த காலத்திலிருந்தே எழுத இடம் கொஞ்சம்தான், நமக்கு அதுதான் வசதி. தபால் முத்திரையில் இடமும் தேதியும் விழுந்துவிடும். நீங்கள் வீடு திரும்பிய பிறகு ஒவ்வொன்றாக வந்து சேரும்.

ஸ்கிராப்புக்கைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். அதை யாருக்காவது கொடுத்துவிட்டு ஓர் அட்டைப்பெட்டி எடுங்கள். ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1974 முதல் கடிதம், ரசீது, அழைப்பிதழ் என்று கைக்கு வந்ததையெல்லாம் பெட்டியில் போட்டு, நிறைந்ததும் மூடிவைத்தார். மொத்தம் 610, பெரும்பாலும் அட்டைப்பெட்டிகள். திறந்து பட்டியல் போட அவருக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, நமக்கு ஆள் கிடையாது, அதனால் ஒரு பயணத்துக்கு ஒரு பெட்டி, அதுவும் செருப்புப் பெட்டி அளவில் போதும்.

அந்த 1,400 படங்களைக் குறைத்தே ஆகவேண்டும். பழைய பிலிம் ரோலில் 36 படம்தான் வரும், அந்தக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டு தேர்ந்தெடுங்கள், அடுத்தவர் தேர்வில் தலையிடாமல். அச்சுப் போட்டுப் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். மீதியை அழிக்க மனம் வராது, இரண்டு வேறு இடங்களில் நகல் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தை மட்டும் மூலமாக நம்ப வேண்டாம், அதில் அளவும் குறைந்திருக்கும், எடுத்த நேரமும் இடமும் போயிருக்கும்.

கடைசிக் கேள்வி. போனது போனதுதான் என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு மாதம்தான் ஆகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொண்டு, பேசிக்கொள்ளாமல், அந்த அறையை வரையுங்கள். கதவு, ஜன்னல், கட்டில், செருப்பு விட்ட இடம். முடிந்ததும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டில் மூன்று தாளில் மூன்று பக்கம் இருந்தாலும் இருக்கும், யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவளுடைய தாளைத் திருத்தவும் வேண்டாம். தேதி போட்டு மூன்றையும் அப்படியே பெட்டிக்குள் வையுங்கள். கட்டில் எந்தப் பக்கம் என்று முடிவானால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.