வழக்காடு மன்றத்தில் 1776: "பிரிந்தது நியாயமே" என்று எப்படி வாதாடுவது?

கேள்வி: எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையில் அடுத்த மாதம் வழக்காடு மன்றம். "அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை விட்டுப் பிரிந்தது நியாயமே" என்ற பக்கம் எனக்கு விழுந்திருக்கிறது. எட்டு நிமிடம் பேச வேண்டும், அதன் பிறகு எதிரணியின் குறுக்கு விசாரணை. எங்கே தேடினாலும் வரி, தேநீர் என்றே வருகிறது. எதிரணியில் பேசப்போகிறவர் முதுகலை மாணவர், கேள்வி கேட்டே மடக்கிவிடுவார். எந்த வாதங்கள் நிற்கும், எங்கே அடி விழும்?
— பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவி, திருச்சி

பதில்: "வரி அதிகம், அதனால் பிரிந்தார்கள்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். இந்தத் தலைப்பில் தோற்பவர்கள் பெரும்பாலும் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். ஏழாண்டுப் போர் 1763-ல் முடிந்தபோது பிரிட்டனின் கடன் சுமார் 13 கோடி பவுண்ட். அந்தப் போரில் ஒரு பங்கு அமெரிக்க மண்ணிலேயே, பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராக நடந்தது. லண்டனில் இருந்தவர் தலைக்குக் கட்டிய வரியோடு பார்த்தால் பாஸ்டனில் இருந்தவர் கட்டியது மிகச் சொற்பம். 1773-ன் தேயிலைச் சட்டம் விலையைக் குறைக்கவே செய்தது. இவ்வளவையும் அந்த முதுகலை மாணவர் அடுக்கிவிட்டு, "உங்களைக் காப்பாற்றச் செய்த செலவில் ஒரு பங்கு கேட்டால் அது கொடுங்கோன்மையா?" என்று முடித்தால் அரங்கம் அவர் பக்கம் போய்விடும்.

எனவே எவ்வளவு வரி என்ற கேள்வியை முதலிலேயே நீங்களே ஒதுக்கிவிடுங்கள். வரி குறைவுதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. வரி போட யாருக்கு அதிகாரம் என்பதுதான் வழக்கு. பார்லிமென்டின் ஒப்புதல் இல்லாமல் பணம் வசூலிக்கக் கூடாது என்று 1689-ல் உரிமைச் சாசனம் எழுதி, மன்னரையே கட்டிப்போட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அந்த உரிமை அட்லாண்டிக்கைக் கடந்தால் மூழ்கிவிடுமா என்று கேட்டார்கள் காலனிக்காரர்கள். அவர்களுக்கென்று சட்டமன்றங்கள் இருந்தன. வர்ஜீனியாவில் 1619-லேயே மன்றம் கூடிவிட்டது. வரி என்றால் அங்கே தீர்மானமாக வேண்டும் என்பதே ஒன்றரை நூற்றாண்டாக அவர்களுக்குத் தெரிந்த நடைமுறை.

1765-ன் முத்திரைச் சட்டம் அதைத்தான் உடைத்தது. நாளிதழ், உயில், நிலப்பத்திரம், மதுக்கடை லைசென்ஸ், சீட்டுக்கட்டு, சூதாடும் பகடைக்காய் வரை முத்திரை வேண்டும். அச்சகக்காரர், வக்கீல், சாராயக்கடைக்காரர் என்று ஊரில் வாய் அதிகமுள்ள மூன்று தரப்பையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொள்ள ஒரு தனித் திறமை வேண்டும். அது அன்றைய பிரிட்டிஷ் அமைச்சரவையிடம் இருந்தது.

இங்கே எதிரணியிடம் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. "மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூட அன்று பார்லிமென்டில் உறுப்பினர் கிடையாது. அவர்கள் வரி கட்டவில்லையா? பார்லிமென்ட் உறுப்பினர் பேரரசு முழுவதற்கும் பிரதிநிதி." லண்டன் இதை உண்மையாகவே சொன்னது. இதற்கான பதில் 1765-லேயே வந்துவிட்டது. மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி ஒரு துண்டுநூலில் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன். மான்செஸ்டர்க்காரர் மீது வரி போடும் உறுப்பினர் அதே வரியைத் தானும் கட்டுகிறார். அவருடைய மாமனும் மச்சானும் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் கட்டுகிறார்கள். வரி கொடுமையாக இருந்தால் அவருக்கும் வலிக்கும். பாஸ்டன் மீது வரி போட்டால் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்னிகூடப் போகாது. அமெரிக்காவில் எவ்வளவு கறக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் தொகுதியின் பாரம் குறையும், கொடுமை செய்தாலும் ஊரில் நல்ல பெயர் கிடைக்கும். வலியைப் பகிராதவர் பிரதிநிதி ஆக முடியாது. உங்கள் எட்டு நிமிடத்தில் இரண்டை இந்த வாதத்துக்கே கொடுங்கள். இதை மடக்குவது கஷ்டம்.

அடுத்து 1766. வணிகர்களின் எதிர்ப்பாலும் கலவரங்களாலும் முத்திரைச் சட்டத்தை ரத்து செய்தார்கள். மார்ச் 18 அன்று, அதே நாளில், காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டமியற்றப் பார்லிமென்டுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொரு சட்டத்துக்கும் மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. பணத்தை விட்டுக்கொடுத்தார்கள், பிடியை விடவில்லை. 1767-ல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு டவுன்ஷெண்ட் வரிகள் வந்தன. 1770-ல் மற்றவற்றை நீக்கிவிட்டு, ஒரு பவுண்ட் எடைத் தேயிலைக்கு மூன்று பென்ஸ் மட்டும் மிச்சம் வைத்தார்கள், அதிகாரம் இருக்கிறது என்று காட்ட. இந்தப் பின்னணியைச் சொன்ன பிறகுதான் 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலுக்குப் போனதைச் சொல்ல வேண்டும். விலை மலிந்த தேயிலையை ஏன் கொட்டினார்கள் என்பது அப்போதுதான் கேட்பவர்களுக்குப் புரியும். வாங்கிக் குடித்தால் அந்த மூன்று பென்ஸுக்குச் சம்மதம் சொன்னதாகிவிடும்.

தேயிலையைத் தொடும்போது இரண்டு விஷயம். அது அசாம் தேயிலை என்று வாய் தவறிவிடாதீர்கள். அசாமில் தேயிலை வணிகப் பயிரானது 19-ஆம் நூற்றாண்டில்; பாஸ்டனில் மிதந்தது சீனத் தேயிலை. ஆனால் அதைக் கொண்டுவந்து விற்கும் ஏகபோகம் நமக்கு நன்றாகவே தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தரப்பட்டது. அதே 1773-ல் பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் எழுதிய ஒரு கடிதத்தில், ஆசியாவில் இந்தக் கம்பெனி நடந்துகொண்ட விதத்தையும் வங்காளப் பஞ்சத்தில் ஏராளமானோர் மாண்டதையும் எடுத்துக்காட்டி, இவர்களா இங்கேயும் வருவது என்று எச்சரித்தார். 1770-ன் வங்காளப் பஞ்சம் அமெரிக்க விடுதலை விவாதத்துக்குள் வந்தது திருச்சியில் உட்கார்ந்திருப்பவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக வந்த 1774-ன் சட்டங்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்துக்குப் பூட்டு, மாசசூசெட்ஸின் மேலவையை மன்னரே நியமிப்பார், கவர்னர் அனுமதியில்லாமல் ஊர்க்கூட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான். இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சாலை போடுவது முதல் பள்ளி ஆசிரியர் சம்பளம் வரை ஊர்க்கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்த விவசாயிகளுக்கு, வரியைவிட இது நெருக்கமான அடி. டான்வர்ஸ் ஊரைச் சேர்ந்த லெவி பிரெஸ்டன் 1775 ஏப்ரல் 19 அன்று, பிரிட்டிஷ் படையோடு போர் தொடங்கிய நாளில், துப்பாக்கி எடுத்துச் சண்டைக்குப் போனவர். தள்ளாத வயதில் அவரை ஓர் இளைஞர் பேட்டி கண்டார். முத்திரை வரியா காரணம்? ஒரு முத்திரையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றார். தேயிலை வரியா? ஒரு சொட்டும் குடித்ததில்லை. பின் எதற்குப் போனீர்கள் என்றதற்கு, எங்களை நாங்களே ஆண்டுவந்தோம், அப்படியே இருக்க நினைத்தோம், அவர்கள் அது கூடாது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான் என்ற பொருளில் பதில் சொன்னார். சண்டை முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எடுத்த பேட்டி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நடுவர் மதிப்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் பிரிட்டன் செய்தது தவறு என்றுதான் நிரூபிக்கும். உங்கள் தலைப்போ, பிரிந்தது நியாயம். இது வேறு கேள்வி, பெரும்பாலான பேச்சாளர்கள் இதற்கு வராமலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எதிரணி கெட்டிக்காரராக இருந்தால் "தவறுதான், ஒப்புக்கொள்கிறேன், அதற்காக வீட்டை உடைப்பதா?" என்று உங்கள் முழுப் பேச்சையும் ஒரே வரியில் தாண்டிவிடுவார். மேலே சொன்ன டுலானியே பிரிவினைப் பக்கம் சேரவில்லை. டிக்கின்சனும் அப்படித்தான். டவுன்ஷெண்ட் வரிகளை எதிர்த்து எல்லோரையும்விடக் கூர்மையாக எழுதிய அவர், 1776 ஜூலை 1 அன்று பிலடெல்பியாவில் கூடிய காலனிப் பிரதிநிதிகளின் காங்கிரஸில், இப்போது விடுதலையை அறிவிப்பது காகிதப் படகில் புயலுக்குள் போவது போலாகும் என்று வாதாடினார். மறுநாள் வாக்கெடுப்புக்கு வரவில்லை. ஆனாலும் அறிவிப்பு வந்த பிறகு தன் படைப்பிரிவோடு களத்துக்குப் போனார். எதிரணியின் மிகச் சிறந்த வாதம் இவருடையது. அதை வெல்லாமல் நீங்கள் வெல்ல முடியாது.

வெல்வதற்கு வழி காலவரிசை. 1775 ஜூலையில் காலனிகளின் காங்கிரஸ் மன்னருக்குச் சமாதான மனு எழுதியது, அதுவும் டிக்கின்சன் கைவண்ணம். மூன்றாம் ஜார்ஜ் அதை வாங்கிப் பார்க்கவே மறுத்தார். ஆகஸ்ட் 23 அன்று காலனிகள் கலகம் செய்வதாகப் பிரகடனம். அக்டோபர் 18 அன்று பிரிட்டிஷ் கடற்படை ஃபால்மவுத் ஊரைக் கொளுத்தியது. இன்று அது மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்ட். டிசம்பரில் வந்த சட்டம் காலனிகளோடு எல்லா வணிகத்தையும் தடைசெய்து, அவற்றின் கப்பல்களை எதிரிக் கப்பல் போலப் பறிமுதல் செய்யலாம் என்றது. பிறகு ஜெர்மன் கூலிப்படை. குடிகள் விசுவாசம் தர வேண்டும், மன்னர் பாதுகாப்பு தர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். மன்னரே பாதுகாப்பை விலக்கிக்கொண்டு ஊரைக் கொளுத்தினால் விசுவாசம் எதற்கு? அந்த டிசம்பர் சட்டத்தையே விடுதலைச் சட்டம் என்று காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ஆடம்ஸ் கடிதத்தில் கிண்டல் செய்தார், பார்லிமென்டே நம்மைப் பிரித்துவிட்டது என்ற பொருளில். வீட்டை உடைத்தது யார் என்ற கேள்வியை இப்படித் திருப்பிப் போடலாம்.

தாமஸ் பெயினை இந்த இடத்தில் கொண்டுவாருங்கள், ஆரம்பத்தில் வேண்டாம். 1774 கடைசியில்தான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியவர். 1776 ஜனவரி 10 அன்று வெளிவந்த அவருடைய துண்டுநூல் செய்த வேலை என்னவென்றால், அதுவரை பார்லிமென்டைத் திட்டிக்கொண்டு மன்னரிடம் முறையிட்டவர்களை, மன்னர் முறையே எதற்கு என்று கேட்க வைத்தது. பரம்பரை அரசு என்பதைக் கேலி செய்த பகுதிகளைத்தான் எல்லோரும் எடுத்துப் பேசுவார்கள். எனக்கு அதிலுள்ள கணக்குகள்தான் வலுவாகப் படுகின்றன. பிரிட்டனோடு ஒட்டியிருப்பதால் ஐரோப்பாவில் அது சண்டையிடும் ஒவ்வொரு நாடும் நமக்கும் எதிரியாகிறது, வணிகம் படுக்கிறது. ஐரோப்பா சாப்பிடுவதை நிறுத்தாதவரை நம் தானியத்துக்குச் சந்தை உண்டு. பிரிட்டனின் குடிகள் என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் எந்த நாடும் உதவிக்கு வராது. வந்தால் கலகக்காரருக்கு உதவியதாகிவிடும். தயங்கிக்கொண்டிருந்த வணிகரையும் விவசாயியையும் அசைத்தது இந்த மாதிரிப் பேச்சு. ஜூன் 7 அன்று காங்கிரஸில் ரிச்சர்ட் ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் விடுதலை, வெளிநாட்டுக் கூட்டணி, காலனிகளின் கூட்டமைப்பு மூன்றும் சேர்ந்தே இருந்ததைச் சுட்டிக்காட்டுங்கள். 1777-ல் சரட்டோகாவில் அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் படையை வென்ற பிறகு, 1778 பிப்ரவரி 6 அன்று பிரான்ஸ் அவர்களோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டது.

இனி அடி விழும் இடம். 1775-ல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் லண்டனிலிருந்து கேட்டார்: விடுதலை, விடுதலை என்று உரக்கக் கத்துகிறவர்கள் நீக்ரோக்களை ஓட்டி வேலை வாங்குகிறவர்களாகவே இருக்கிறார்களே, எப்படி? அந்த முதுகலை மாணவர் இதை நிச்சயம் எடுப்பார். கூடவே, கலகக்காரர்களின் அடிமைகள் மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர் அறிவித்ததையும் எடுப்பார். மறுக்காதீர்கள், மழுப்பாதீர்கள். அன்று அடிமை வணிகத்தில் பிரிட்டிஷ் கப்பல்களே முன்னணியில் இருந்தன என்று திருப்பிச் சொல்லலாம், ஆனால் அவரும் திருடர் என்பதால் இவர் யோக்கியராகிவிட மாட்டார். இதைவிட நல்ல பதில் உண்டு. 1776-லேயே லெமுவேல் ஹெய்ன்ஸ் என்ற கறுப்பினப் படைவீரர், இதே உரிமை எங்களுக்கும் பொருந்தும் என்று எழுதினார். 1777 ஜனவரியில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத் தலைவரும் மற்றவர்களும் மாசசூசெட்ஸ் மன்றத்தில் கொடுத்த மனு விடுதலை அறிவிப்பின் மொழியையே கையில் எடுத்தது. 1780-ல் பென்சில்வேனியா படிப்படியான அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. வாதாடியவர்கள் குறையுள்ளவர்கள், வாதம் அவர்களையும் தாண்டிப் போனது என்று சொல்லுங்கள்.

பூர்வகுடிகள் விஷயத்தில் உங்கள் பக்கம் சொல்ல எதுவும் இல்லை. மேற்கே நிலம் பிடிக்க விடாமல் 1763 பிரகடனம் தடுத்தது என்பதைக் குறையாக எடுத்துப் பேசினால் நீங்களாகவே போய் மாட்டிக்கொள்வீர்கள். அதைத் தொடவே வேண்டாம். "மக்கள் அனைவரும் விடுதலை கேட்டார்கள்" என்ற வரியும் வேண்டாம். வெள்ளையரில் சுமார் ஐந்தில் ஒருவர் மன்னர் பக்கம் நின்றார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

கைதட்டல் வேண்டுமானால் ஒரு செய்தி: 1782-ல் டெலவேர் விரிகுடாவில் பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பிடித்த பென்சில்வேனியாக் கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. நம் ஹைதர் அலிதான். இது வாதம் ஆகாது, பத்து வினாடிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

குறுக்கு விசாரணையில் கடைசியாக ஒரு கேள்வி வரக்கூடும்: "கனடா விடுதலைப் போர் நடத்தாமலே தன்னாட்சி பெற்றதே, இவர்களும் பொறுத்திருக்கலாமே?" 1778-ல் பார்லிமென்ட் போட்ட ஒரு சட்டத்தைக் கையில் வைத்திருங்கள். வருவாய்க்காகக் காலனிகள் மீது இனி வரி போடுவதில்லை என்றது அது. சமாதானம் பேச ஒரு தூதுக்குழுவும் அமெரிக்காவுக்குப் போனது. இதெல்லாம் விடுதலை அறிவித்து, சரட்டோகாவில் ஒரு முழுப் படையும் சரணடைந்த பிறகு. 1775-ல் மனுவைப் பிரித்துப் பார்த்து இதில் பாதியைத் தந்திருந்தால் டிக்கின்சன் பக்கமே ஜெயித்திருக்கும். கனடாவுக்குக் கிடைத்த பொறுமை, பதின்மூன்று காலனிகளை இழந்த பிறகு லண்டன் கற்றுக்கொண்டது. இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் உங்கள் எட்டாவது நிமிடத்தில் நீங்களே எழுப்பிப் பதிலையும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.