மாத்திரையைப் பற்றிக் குறை சொல்லலாம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 29 வயது. 8 மாதம் முன்பு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, அம்மாதான் கொடுத்தார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.1, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் முகம் வீங்கி ஆளே மாறிவிட்டேன், முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, சர்க்கரையும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் விடக் கை நடுக்கம்தான் கொடுமை. ஆரி வேலை செய்து பிழைப்பவள் நான். போன மாதம் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு இருந்தது, அப்போது நடுக்கம் இன்னும் மோசம். ஆர்டர் முடிக்க வேண்டிய சில நாட்களில் இரவு மாத்திரையை விட்டுவிட்டேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியம்மா வேறு, "பெத்த தாயோட கிட்னி, அதை உடம்பு தள்ளுமா?" என்கிறார். அம்மா ஒரு உறுப்பையே எடுத்துக் கொடுத்திருக்கும்போது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

முதல் வேலை, விட்ட மாத்திரைகளைப் பற்றி நாளைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். திட்டுவாரோ என்ற பயம் இருக்கும்தான். திட்டினால் திட்டட்டும், அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கிரியாட்டினின் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள், நிராகரிப்பு, அதாவது புதுக் கிட்னியை உடம்பு தள்ளுவது, பல நேரம் வலியோ காய்ச்சலோ இல்லாமல்தான் தொடங்கும், சிறுநீரும் வழக்கம்போலப் போகும், கிரியாட்டினின் ஏறுவதற்குள் உள்ளே சேதம் ஆகியிருக்கும். அதற்காக விட்டதை ஈடுகட்ட இரட்டிப்பாகவும் போட்டுவிடாதீர்கள்.

பெரியம்மா பாசத்தில் சொல்கிறார். ஆனால் தாயானாலும் நம் உடம்பில் பாதிதான் அவர் தந்தது, மறுபாதி அப்பாவுடையது, அந்தப் பாதி வித்தியாசமே சண்டைக்குப் போதும். 1954இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள், அதனால்தான் இந்த மருந்துகள் எதுவும் இல்லாமல் அது நின்றது. நமக்கு அந்த வசதி இல்லை.

சரி, உங்கள் நடுக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் உங்களை மாத்திரையை விட வைத்தது. பெரும்பாலும், உடம்பு கிட்னியைத் தள்ளாமல் இருக்கப் போடும் டாக்ரோலிமஸ் செய்யும் வேலை இது. போட்ட ஒன்று இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது உச்சத்துக்குப் போகும், நடுக்கமும் பலருக்கு அந்த நேரத்தில்தான் அதிகம். நானும் கிட்னி மாற்றிக்கொண்டவள், எனக்கும் அப்படித்தான், காலையில் காபி டம்ளரை டபராவில் வைத்தால் கடகடவென்று அடிக்கும், சாயங்காலம் அதே கை ஊசியில் நூல் கோக்கும். ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, நடுக்கம் எப்போது கூடியது, எப்போது அடங்கியது. ஜர்தோசி மாதிரி நுணுக்கமான வேலையை அடங்கும் நேரத்துக்குத் தள்ளலாம், டிசைன் வரைவதையும் துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டுவதையும் காலையில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குறிப்பையே டாக்டரிடம் காட்டுங்கள். டாக்ரோ லெவல் (ரத்தத்தில் அந்த மருந்து இருக்கும் அளவு) தேவைக்கு மேல் இருந்தால் அவர் அளவைக் குறைக்க முடியும், நாளுக்கு ஒருமுறை போடும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றியும் பார்க்கலாம், உச்சம் தணிவதால் சிலருக்கு நடுக்கம் குறைகிறது.

அந்த வயிற்றுப்போக்கு வாரம்தான் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது. வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸ் ரத்தத்தில் கூடிவிடும். எல்லாம் வெளியே போகிறதே, மருந்தும் போய்விட்டிருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும், நடப்பது நேர்மாறு. நடுக்கம் கூடியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். இனி அப்படி இரண்டு நாள் போனால் உடனே போன் செய்து லெவல் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். லெவல் பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும் அன்று காலை மாத்திரையைப் போடாமல் போய், கொடுத்தபின் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வயிற்றுப்போக்குக்குத் தொற்றும் காரணமாகலாம், நிராகரிப்பைத் தடுக்கப் போடும் இன்னொரு மாத்திரையான மைகோஃபெனோலேட்டும் காரணமாகலாம். மாத்திரைதான் என்றால் அதைப் பிரித்துக் கொடுப்பது, வேறு வகைக்கு மாற்றுவது என்று வழிகள் உண்டு. அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று: குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மைகோஃபெனோலேட் போடும்போது கருத்தரிக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். முன்கூட்டியே சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள், அதன்பின் குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முகம் வீங்குவது பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டின் வேலை, டோஸ் இறங்க இறங்க வடியும். நிறுத்தத் தோன்றும், ஆனால் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். சர்க்கரைக்கு டாக்ரோலிமஸ், பிரெட்னிசலோன் இரண்டுமே காரணம். காலையில் ஸ்டீராய்டு போடுபவர்களுக்கு வெறும் வயிற்றில் சரியாக இருந்துவிட்டு மதியத்துக்கு மேல் எகிறும், அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னும் பாருங்கள். முடி கொட்டுவதை அழகுப் பிரச்சினை என்று நீங்களே ஒதுக்காமல் அதையும் பட்டியலில் எழுதுங்கள்.

மருந்துக்கடையில், "அதே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். கம்பெனி மாறினால் டாக்டருக்குத் தெரிந்து, லெவல் பார்த்துத்தான் மாற வேண்டும். கையும் தோளும் வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போடக் கூடாது, கிட்னியை நேராகவே அடிக்கும். பம்பளிமாஸ் வேண்டாம், லெவலை ஏற்றும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சீந்தில் கஷாயமும் வேண்டாம், எந்தச் சக்தியை அடக்கிவைக்க இத்தனை மாத்திரை போடுகிறோமோ அதையே தட்டி எழுப்புகிற காரியம் அது.

அம்மா விஷயம். எனக்குக் கொடுத்தவர் என் அண்ணன். அவர் வரும்போதெல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டிக்கொள்வேன், கையைப் புடவைக்குள் மறைத்துக்கொள்வேன். அவராகவே ஒருநாள் கேட்டார், "நீ நல்லா இருக்கணும்னுதானே கொடுத்தேன், நல்லா இல்லைன்னா எங்கிட்டச் சொல்ல மாட்டியா?" உங்கள் அம்மாவும் அதையேதான் கேட்பார் என்று நினைக்கிறேன். மாத்திரை படுத்துகிறது என்று சொல்வது அவர் கொடுத்ததைக் குறை சொல்வதாகாது, நீங்கள் சொல்லாமல் இரவு மாத்திரையை ஒளிக்கும்போதுதான் அவர் கொடுத்தது ஆபத்தில் இருக்கிறது. இன்று இரவு மாத்திரையை அவர் எதிரிலேயே போடுங்கள், கையை மறைக்க வேண்டாம், அப்போதே சொல்லிவிடுங்கள். நாளை ஆஸ்பத்திரிக்கும் அவரையே துணைக்குக் கூப்பிடுங்கள்.

லெவல் என்ன வந்தது, டாக்டர் என்ன மாற்றினார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா