மழை பெய்தால் அந்த இரவு திரும்புகிறது

கேள்வி: 2009 நவம்பர் மண்சரிவில் அம்மாவை இழந்தேன். அப்போது எனக்கு 22 வயது. இன்றும் இரவில் தகரத்தில் மழை விழுந்தால் நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. முடியும் கொட்டுகிறது. ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் நார்மல். பக்கத்து வீட்டு அக்கா தரும் மாத்திரையில்தான் தூங்குகிறேன். பழையதைக் கிளறினால் பைத்தியம் பிடித்துவிடுமோ? அன்றே நானும் போயிருக்கலாம் என்று சில சமயம் தோன்றுகிறது.
- வாசகி, கோத்தகிரி

பதில்: பைத்தியம் பிடிக்காது அம்மா. எனக்குக் கவலை தருவது உங்கள் கடைசி வரிதான். அப்படித் தோன்றுவதை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இரவு எத்தனை மணியானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள், இலவசம், தமிழில் பேசுவார்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் இன்றே அவர்கள் வேறிடத்துக்கு மாற்றட்டும்.

முடி கொட்டுவதை விடுங்கள். இதயமும் நன்றாக இருக்கிறது, இன்னொரு ஈ.சி.ஜி. வேண்டாம்.

ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டிய மழை அது. நீலகிரி மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதைப் பார்த்த உடம்பு பயப்படாமல் இருந்தால்தான் அதிசயம். சிக்கல் என்னவென்றால், அந்த இரவு முடிந்துவிட்டது என்பது உங்கள் உடம்புக்கு இன்னும் தெரியவில்லை. சத்தம் கேட்காமல் டிவியைக் கூட்டி வைப்பது, ஐப்பசி வந்தால் மேட்டுப்பாளையத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிடுவது என்று பலர் சமாளிக்கிறார்கள். ஓடும்போதெல்லாம், 'ஓடியதால் பிழைத்தோம்' என்றுதான் உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த மழைக்குப் பயம் இன்னும் கூடும்.

அதனால் கிளறத்தான் வேண்டும், தனியாக அல்ல. 'உடம்பில் தேங்கிய வலியை வெளியேற்றுங்கள்' என்று கண்ணை மூடச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து நள்ளிரவில் அழுது களைத்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து, அந்த இரவை முதலிலிருந்து கடைசிவரை, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வாரம் ஒரு முறை என்றால் பெரும்பாலும் 8 முதல் 15 வாரம். தொடக்கத்தில் தூக்கம் இன்னும் கெடலாம், அதைப் பார்த்துப் பாதியில் விட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நான்கு முறை மண்ணின் வாடை மட்டுமே வந்தது. ஐந்தாம் முறை, "கதவைச் சாத்துடி, சாரல் அடிக்குது" என்று அன்று மாலை அம்மா திட்டியது ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டார், அப்புறம் அழுதார்.

அந்தத் தூக்க மாத்திரை இந்தப் பயத்துக்கு மருந்தே இல்லை. பயத்தை மரக்கடிக்கும், ஆற்றாது. அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. தினமும் போட்டுப் பழகியிருந்தால் வலிப்புகூட வரலாம். தேவைப்பட்டால் மருத்துவர் வேறு மாத்திரை தருவார்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, "மழை பெய்தால் பயமாக இருக்கிறது" என்பதும் அந்தக் கடைசி வரியும் போதும். போகும்போது மாத்திரைப் பட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். அக்கா கேட்டாலும் திருப்பித் தராதீர்கள்.