ரூம்மேட்டின் பங்குக்கு உங்கள் பெயரில் கடனா?

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறார். இரண்டு வருடம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு, இந்த செமஸ்டரில் வகுப்பு நண்பனோடு வெளியே வீடு எடுத்தேன். வாடகை 10,000, அட்வான்ஸ் 50,000. என் பாதியை அப்பா கொடுத்தார். நண்பனிடம் 10,000 மட்டுமே இருந்ததால், மீதி 15,000-ஐ நான் லோன் ஆப்பில் எடுத்துக் கொடுத்தேன். ஆகஸ்ட் வாடகையும் அவன் தரவில்லை. அதற்கும் முதல் கடனின் தவணைக்கும் சேர்த்து இன்னொரு ஆப்பில் 10,000 எடுத்தேன். இப்போது தன் சிபில் (கடன் மதிப்பெண்) சரியில்லை என்று, என் பெயரில் ஈ.எம்.ஐ.யில் போன் எடுத்துத் தரச் சொல்கிறான். வீட்டிலிருந்து மாதம் 9,000 வருகிறது, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. அந்த 1,000-த்தோடு 500 சேர்த்து, தினமும் 50 ரூபாய்க்கு டிஜிட்டல் தங்கம் வாங்குகிறேன். அதை 100 ஆக்கலாமா?

பதில்: தம்பி, தங்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. அடுத்தவர் தர வேண்டிய பணத்தை உங்கள் பெயரில் கடன் வாங்கிக் கட்டுகிறீர்கள். இரண்டே மாதத்தில் அது இரண்டு முறை நடந்துவிட்டது, மூன்றாவது போனாக வந்து நிற்கிறது. செலவைக் குறை, கணக்கு எழுது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் கணக்கே பல குடும்பங்கள் போடாத கணக்கு.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். மேலே பெரிதாக 'மாதம் 2.5% மட்டுமே'. கீழே பொடி எழுத்தில், பிராசசிங் கட்டணமும் ஜி.எஸ்.டி.யுமாக 767 ரூபாய் பிடித்தம். ஆக 10,000 கடனில் கைக்கு வந்தது 9,233. திருப்பிக் கட்ட வேண்டியது மாதம் 3,583 வீதம் மூன்று தவணை. 9,233 வாங்கி 10,749 கட்டுகிறீர்கள். அதுவும் முதல் மாதத்திலிருந்தே அசல் கரைந்துகொண்டு வரும்போது. சரியாகக் கணக்குப் போட்டால் இது மாதம் 8 சதவீதம். ஊரில் எட்டு வட்டிக்கு விடுகிறவர் வீட்டு வாசலை மிதிக்கவே உங்கள் அப்பா யோசிப்பார். கடன் தருவதற்கு முன் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏ.பி.ஆர். என்று அதில் இருக்கும். 'ஓகே' அழுத்தும் அவசரத்தில் அதைத் தள்ளிவிட்டுப் போயிருப்பீர்கள்.

இப்போது இரண்டு கடனின் தவணையும் சேர்த்து மாதம் 8,958. உங்கள் பங்கு வாடகை 5,000. இதுவே 13,958 ஆகிறது, மொத்த வரவு 10,000. மெஸ்ஸுக்கு ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன்பே நாலாயிரம் துண்டு விழுகிறது. மூன்றாவது ஆப் எங்கிருந்து வரும் என்று இப்போதே தெரிகிறதல்லவா?

தங்கத்துக்கு வருகிறேன். 8% மாத வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு தினம் 50 ரூபாய்க்குத் தங்கம் சேர்ப்பதை எந்த ஊர்க் கணக்கிலும் சேமிப்பு என்று எழுத முடியாது. வாங்கும்போதே 3% ஜி.எஸ்.டி. போய்விடுகிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இன்னொரு துண்டு போகிறது. இந்த டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. போன் திரையில் நாணயம் மின்னுவது அழகாகத்தான் இருக்கும்! நூறாக்க வேண்டாம், ஐம்பதையும் இன்றே நிறுத்துங்கள்.

நிறுத்திவிட்டு, இருப்பதை விற்றுவிடுங்கள். விற்றால் 13,000 வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கடனை முன்கூட்டியே முடிக்க எவ்வளவு என்று அந்த ஆப்பிலேயே காட்டும், 10,250 பக்கம் இருக்கும். அதை முடித்தால் 2,750 மிஞ்சும். முதல் கடனில் பாக்கி இரண்டு தவணை, 10,750. இதில் அந்த 2,750 போக, தேவைப்படுவது 8,000.

அந்த 8,000-ஐ அப்பாவிடம் கேளுங்கள். 'அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்' என்று எழுதியிருந்தீர்கள். 25,000 அட்வான்ஸை எடுத்துக் கொடுத்தவர் 8,000-த்துக்குப் படிப்பை நிறுத்தமாட்டார். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கையிருப்பு இல்லையென்றால் கூட்டுறவு வங்கியில் ஒரு சின்ன மோதிரத்தை வைத்தாலே போதும். அங்கே வட்டி ஆண்டுக்கு 10% பக்கம்தான், ஆறு மாதத்துக்கு 400 ரூபாய். தங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்த 1,500-ஐ மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பினால் ஆறே மாதத்தில் மோதிரம் திரும்பிவிடும்.

அப்புறம் நண்பர். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை அவர் வீட்டிலும் உங்கள் வீட்டைப் போலவே நெருக்கடி இருக்கலாம். ஆனால் அவருடைய நெருக்கடியை அவருடைய வீட்டுக்குத் தெரியாமல் நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக, அடுத்த மாதத்திலிருந்து வாடகையை ஆளுக்கு 5,000 என்று ஹவுஸ் ஓனருக்கே நேராக ஜி-பே செய்வதாக இருவரும் சேர்ந்து போய் அவரிடம் சொல்லுங்கள். உங்களிடம் 'அடுத்த வாரம் தரேன்டா மச்சான்' என்று சொல்ல முடிகிற வாய் ஓனரிடம் அவ்வளவு எளிதாகச் சொல்லாது. இரண்டு மாதத்தில் அவரால் முடியவில்லை என்றால், ஓனரைக் கேட்டு மூன்றாவது ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 3,333 என்றால் எல்லோருக்கும் மூச்சு விட முடியும்.

அட்வான்ஸ் விஷயத்தை மட்டும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். 50,000-ல் உங்களுடையது 40,000, அவருடையது 10,000. வாட்ஸ்அப்பில் அப்படியே எழுதி அனுப்பி, 'சரி' என்று அவரிடமிருந்து ஒரு பதில் வாங்கி வையுங்கள். காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஓனர் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு 40,000 தருவார். 'பாதிப் பாதி' என்று பேச்சு வரும் நாள் அதுதான். பெயிண்டிங்கில் உங்கள் பாதி 5,000 போக 35,000 உங்களுக்கு வர வேண்டும். பாதிப் பாதி என்றால் 20,000-தான் வரும்.

போன் கூடாது. 'நோ காஸ்ட்' என்று எழுதியிருந்தாலும் தவணை தவறினால் விழுவது உங்கள் பெயரில்தான். கடன் வரலாறு மோசமாக இருந்த ஒருவரின் பணி நியமனத்தை பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்ததை, 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. வங்கித் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். நண்பரிடம் 'அப்பா என் கணக்கைப் பார்க்கிறார்' என்று சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் பேசிய பிறகு அது பொய்யாகவும் இருக்காது.

கடன் முடிந்ததும் இரண்டு ஆப்பிலிருந்தும் 'நோ டியூஸ்' சான்றை இறக்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே ஆப்பை நீக்குங்கள். நடுவில் யாராவது உங்கள் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் பேசுவோம் என்று மிரட்டினால், பயந்து பணம் கட்டாமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசுங்கள்.