டிக்கெட் கிழிக்கத் தெரிந்த பிள்ளைகள்

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறை உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் நாடக மன்றத்தில் நாற்பது மாணவர்கள். அவர்களில் ஏழெட்டுப் பேருக்கு மேடையேறும் ஆசையே இல்லை. ஆள் திரட்டுவது, சாமான் ஏற்பாடு செய்வது, கணக்கு எழுதுவது என்றால் ஓடி வருகிறார்கள். பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரண்டு வருடமாக மன்றத்தின் வரவு செலவு நோட்டை வைத்திருக்கிறாள். இதையே வேலையாகச் செய்ய முடியுமா என்று என்னிடம் கேட்கிறாள். "நடித்தாலாவது நாலு பேருக்கு முகம் தெரியும், கணக்கு எழுதி என்ன ஆகப்போகிறது?" என்கிறார் அவள் அப்பா. நாடக நிர்வாகத்துக்கு இவர்களை எப்படித் தயார் செய்வது?

பதில்: அன்புள்ள பேராசிரியருக்கு, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாணவர்களுக்குப் பெரிய இடைஞ்சலே உங்கள் கல்லூரிக் கலையரங்கம்தான். வாடகை இல்லை, கரண்ட் பில் இல்லை, நாற்காலி இலவசம். நாடகம் தொடங்கும் நேரத்தில் முதலாம் ஆண்டு வகுப்புகளை வரிசையாக ஓட்டிவந்து உட்காரவைத்துவிடுகிறோம். இருக்கை நிறைந்துவிடுகிறது, கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. நிர்வாகம் என்று கற்க அங்கே என்ன மிச்சம்?

ஆகவே என் யோசனை ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு நாடகத்தையாவது கல்லூரிக்கு வெளியே, வாடகை அரங்கில், காசுக்கு டிக்கெட் விற்று நடத்துங்கள். அந்த ஏழெட்டுப் பேரிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கையெழுத்துப் போட மட்டும் போங்கள்.

மூன்று மாதம் முன்பே அவர்களை உட்காரவைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். நான் இங்கே போடுவது மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். அரங்க வாடகை 15,000 ரூபாய். ஒளி, ஒலி 12,000. மேடைப் பொருளும் உடையும் 8,000. சாப்பாடு, ஆட்டோ 5,000. சுவரொட்டி, டிக்கெட் அச்சு 3,000. எழுத்தாளருக்கு 2,000. ஆக 45,000. அரங்கில் 180 இருக்கை; அழைப்பாளர், ஒலி மிக்ஸர் மேசை எல்லாம் போக விற்கக்கூடியவை 160. டிக்கெட் 150 ரூபாய் என்றால் அரங்கு நிறைந்தாலும் 24,000தான் வரும். பிள்ளைகள் உடனே விலையை 300 ஆக்கலாம் என்பார்கள். ஆக்கட்டும். கூட்டம் நூறில் அறுபது என்றால் 96 பேர், 28,800 ரூபாய். அப்போதும் பள்ளம் பள்ளம்தான்.

இந்த இடத்தில்தான் நல்ல மாணவி ஒருத்தி வாய் திறப்பாள். ஒரே வாடகையில் மாலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டு காட்சி போட்டால் என்ன? கூடுதல் செலவு சாப்பாட்டுக்கு 3,000. விலை 200, காட்சிக்கு 96 பேர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 38,400. செலவு 48,000. துண்டு விழுவது 9,600 ரூபாய். இதைத் திரட்ட நகைக்கடை, ஜவுளிக்கடை என்று ஏறி இறங்கி, நிகழ்ச்சி மலருக்கு விளம்பரம் கேட்க வேண்டும். முதல் கடையில் முதலாளி இல்லை என்பார்கள், இரண்டாவது கடையில் அடுத்த வாரம் வா என்பார்கள். எத்தனை வாரம் போனால் 'அடுத்த வாரம்' என்பது 'இல்லை' என்று பொருள் என்பதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித்தராது.

இனி டிக்கெட் மேசை. நான் ஒரு சிறு குழுவுக்குப் பல வருடம் பொருளாளராக இருந்தவன். ஆரம்ப நாட்களில் ஓர் அரங்கின் அலுவலகத்தில் கொடுத்த இருக்கை வரைபடத்தை நம்பி டிக்கெட் அச்சடித்தேன். 'எம்' வரிசையில் 9 முதல் 14 வரை ஆறு இருக்கைகளையும் விற்றுவிட்டேன். அன்று மாலை ஐந்து மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தால், அந்த ஆறும் எப்போதோ பிடுங்கப்பட்டு அங்கே மிக்ஸர் மேசை நிற்கிறது. தரையில் ஆணி போன ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. ஏழு மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்து, எம்-11 எங்கே தம்பி என்று கேட்டார். மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நாடகம் முடியும்வரை அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்த அரங்கானாலும் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு நாற்காலியையும் கையால் தொட்டு எண்ணாமல் டிக்கெட் அச்சுக்குக் கொடுத்ததில்லை. உங்கள் மாணவர்களையும் தொட்டு எண்ணச் சொல்லுங்கள்.

மேசையில் ஒரு தகரப் பெட்டி, பத்தும் இருபதுமாகச் சில்லறை, டிக்கெட் புத்தகம், நுழைவாயிலில் கிழிப்பதற்கு ஓர் ஆள். காட்சி தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அடிக்கட்டையையும் பணத்தையும் ஜிபே வரவையும் ஒத்துப்பார்த்து, சினிமாத் தியேட்டர்காரர்கள் எழுதுகிறார்களே டிசிஆர் என்னும் அன்றாட வசூல் அறிக்கை, அதைப் போல ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஓசி பாஸ் எத்தனை, யார் கொடுத்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். கல்லூரிச் செயலாளரின் மைத்துனருக்கு நான்கு பாஸ் போனால் அதுவும் ஏறட்டும்.

விடுமுறையில் ஒரு நாள் அவர்களை மதுரைக்கு அழைத்துப் போங்கள். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் சங்கமும் ஏஜென்டுகளும் அங்கே இருக்கிறார்கள். கோயில் கொடைக்கு வள்ளி திருமணம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் முன்பணத்தோடு வருவார்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேதி பார்த்துப் பேசி முடிக்கிறார்கள். தனியாக ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் எல்லோரும் சேர்கிறார்கள், விடியும்வரை நாடகம் நடக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பாடமாக இருப்பதால் இது நடக்கிறது. பங்குனி, சித்திரையில் ஒரு ராஜபார்ட்டின் தேதி ஏட்டைப் பார்த்தால் ரயில்வே கால அட்டவணை தோற்றுப்போகும். நாடக நிர்வாகம் ஏதோ வெளிநாட்டுப் படிப்பு என்று நினைக்கும் மாணவர்கள் அந்த ஏஜென்டுக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்தால் போதும்.

முடிந்தால் பெங்களூருக்கும் ஒரு நடை. நடிகை அருந்ததி நாக் முயற்சியில் 2004-ல் திறந்த ரங்க சங்கரா என்ற நாடக அரங்கில், தினம் ஒரு நாடகம் என்பது கொள்கை. மணி அடித்துக் கதவைச் சாத்திவிட்டால் தாமதமாக வந்தவர் யாராக இருந்தாலும் வெளியேதான். நம் ஊரில் சிறப்பு விருந்தினருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து பழகிய பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஷிமோகா பக்கம் ஹெக்கோடு கிராமத்தில் நீநாசம் என்ற நாடக அமைப்பு இருக்கிறது. 1985 முதல் அவர்களுடைய திருகாட்ட குழு கர்நாடகம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றி நாடகம் போடுகிறது. ஒரு லாரிச் சாமானையும் ஒரு குழு ஆட்களையும் மாதக்கணக்கில் ஊர்விட்டு ஊர் நகர்த்துவதும் நிர்வாகம்தான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுகதையை நாடகமாக்கினால் எழுத்தாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அவர் மறைந்து 60 ஆண்டு வரை வாரிசுகளிடம். பாரதி மாதிரி நாட்டுடைமையான படைப்புகளுக்கு இந்தக் கவலை இல்லை. சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிடும் வழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள். 500 ரூபாய்க்கு மேற்படாத நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனாலும் ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும் பழக்கம் வரட்டும். குழுவைச் சங்கமாகப் பதிய, 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று மண்டப மேலாளர் யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். 1954-ம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் செல்லாது என்று 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குத் தொடுத்தவர் 'பரீக்ஷா' நாடகக் குழுவை நடத்திய ஞாநி. இந்தக் கதையை உங்கள் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஒத்திகை இரவு ஒன்பதுக்கு முடிந்தால் பெண் பிள்ளைகள் எந்த பஸ்ஸில் போவார்கள் என்பதை முதல் நாளே எழுதிவைப்பது நிர்வாகியின் வேலை. இயக்குநர் அதை மறந்துவிடுவார். நான் பார்த்த எல்லா இயக்குநர்களும் மறந்தார்கள்.

இனி அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மழுப்ப மாட்டேன்: நாடகக் குழுவில் மட்டும் முழுநேர நிர்வாகியாகச் சம்பளம் வாங்கும் இடங்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. நம் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்குச் செயலாளரும் பொருளாளரும் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டு மாலையில் வருகிறவர்கள்தாம். ஆனால் அதே கைத்திறன் தேவைப்படும் இடங்கள் பல. இசை, நாட்டிய சபாக்கள், இலக்கியத் திருவிழாக்கள், அருங்காட்சியகங்கள், கலை அறக்கட்டளைகள், பெரிய நகரங்களின் அரங்கங்கள் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் எழுதவும், பட்ஜெட் போடவும், மானியம் கிடைத்த பிறகு அதைச் செலவழித்த விதத்தைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் பிசகாமல் அனுப்பவும் ஆள் வேண்டும். 2013 நிறுவனங்கள் சட்டம் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்கிறது. கலை, பண்பாடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்த குழுக்கள்தாம் நம்மிடம் இல்லை. தணிக்கை அறிக்கை இல்லாத குழுவை எந்த நிறுவனமும் ஏறெடுத்துப் பார்க்காது.

உங்கள் மாணவி பி.காம். என்பது நல்லதாகப் போயிற்று. கணக்கியலை அவள் விட்டுவிடக் கூடாது. டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் தெளிவாக எழுதப் பழகட்டும். இந்திய நாடக மன்றம் (இந்தியா தியேட்டர் ஃபோரம்) நாடகக் குழுக்களுக்காக நடத்திய 'ஸ்மார்ட்' என்ற நாடக மேலாண்மைப் பயிற்சி போன்றவை அறிவிக்கப்படுகின்றனவா என்று கவனித்து வாருங்கள். அதற்கு ஏதாவது ஒரு குழுவில் அவள் பெயர் இருப்பது நல்லது. படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் ஏதாவது ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தாலும் தவறில்லை. அப்பாவுக்கும் நிம்மதி, நாடகத்துக்கும் லாபம்.

அந்த வரவு செலவு நோட்டை மட்டும் கல்லூரி அலமாரிக்குக் கொடுத்துவிட வேண்டாம். ஒரு படி எடுத்து மன்றத்துக்குக் கொடுங்கள். மூலப்பிரதி அவளிடமே இருக்கட்டும். முதல் நேர்காணலுக்குப் போகும்போது பையில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். டீச்செலவுப் பக்கங்கள் உட்பட.